ஆர்எஸ்எஸ் 1.0-இன் அடுத்த பதிப்பா 2.0?

இணையதளத்தின் புதிய பதிவுகளை வாசகருக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் கோப்பு வடிவம் ஆர்எஸ்எஸ். “ஆர்எஸ்எஸ் 1.0 பழசு, அதை மேம்படுத்தியதுதான் 2.0, கோப்பில் எண்ணை மாற்றினால் போதும்” என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. தவறு.

இரண்டும் பங்காளிகள், அப்பன் பிள்ளை அல்ல. 1999-இல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனம் ஆர்எஸ்எஸ் 0.90-ஐயும் பிறகு 0.91-ஐயும் வெளியிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. 2000 டிசம்பரில் வேறொரு குழு ஆர்டிஎஃப் (இணையத் தரவுகளை விவரிக்கும் பொது முறை) அடிப்படையில் ஒரு வடிவத்தை உருவாக்கி 1.0 என்று பெயரிட்டது. அதே மாதம் மென்பொருள் உருவாக்குநர் டேவ் வைனர் 0.91-ஐ நீட்டி 0.92 கொண்டுவந்தார். அந்த வரிசைதான் 2002-இல் 2.0 ஆனது. 1.0 என்ற எண்ணை மற்றவர் எடுத்துவிட்டதால் தாண்டிக் குதித்த எண் இது. குழப்பம் வராமல் என்ன செய்யும்!

கோப்பைத் திறந்தாலே தெரியும். 2.0-இல் மூல உறுப்பு, அதாவது மற்ற எல்லாவற்றையும் உள்ளடக்கும் குறிச்சொல், ‘ஆர்எஸ்எஸ்’. செய்தி உருப்படிகள் ‘சேனல்’ உறுப்புக்குள் இருக்கும். 1.0-இல் மூல உறுப்பு ‘ஆர்டிஎஃப்’. உருப்படிகள் சேனலுக்கு வெளியே நிற்கும். மாற்றச் சொல்கிறார்களே, அந்தப் பதிப்பு எண்ணுக்கென்று மூல உறுப்பில் ஒரு பண்புகூட அங்கே கிடையாது! வடிவத்தின் ‘1.0’ என்பது பெயர்வெளி முகவரிக்குள் (குறிச்சொற்கள் எந்த வடிவத்தைச் சேர்ந்தவை என்று காட்டும் முகவரி) மட்டும் வரும்.

மாறாக, 0.91-க்கு முறையாக எழுதிய கோப்பு 2.0-க்கும் செல்லும். பாட்காஸ்ட்டுகளில் ஒலிக்கோப்பை இணைக்கும் ‘என்க்ளோஷர்’ உறுப்பும் 0.92-இல் வந்ததுதான்.