ஏழாம் லேன் பையன்கள்

போன சனிக்கிழமை சாயங்காலம் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பவுலிங் போயிருந்தேன். கனமான பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்துக் கட்டைகளை விழ வைக்கும் விளையாட்டு. அந்தக் கட்டைக்குப் பின் என்றும், பந்து ஓடும் பாதைக்கு லேன் என்றும் பெயர். எந்த மால் என்பது வேண்டாம், சென்னையில் ஒன்று. எங்களுக்கு ஒன்பதாம் லேன். எட்டில் ஒரு குடும்பம். ஏழில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் எட்டுப் பேர்.

பையன்கள் நல்ல சத்தம். ஸ்கோர் போர்டில் தல, தளபதி என்று ஆளுக்கொரு பெயர் போட்டிருந்தார்கள். பின் விழுந்தால் கத்தினார்கள், பந்து ஓரக் குழியில் போனால் அதைவிட அதிகமாகக் கத்தினார்கள். எட்டாம் லேன்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை எழுந்து நேராக கவுன்டருக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டி இரண்டு பேர் வந்து, "பில் எங்க? கிளம்புங்க, கிளம்புங்க" என்றார்கள். இன்னும் பாதி ஆட்டம் பாக்கி. அதில் ஒரு பையன் மட்டும், "அண்ணே, மீதி காசாவது குடுங்கண்ணே" என்று கேட்டான். அதற்குப் பதில் கிடைக்கவில்லை. ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அங்கேயே காசு கொடுத்து வாங்கிய சாக்ஸைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பத்து நிமிடம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் லேன் குடும்பத்தின் சின்னப் பையன் விட்ட பந்து பாதி வழியில் குழிக்குள் நின்றுவிட்டது. அவன் பந்து விடும் இடத்தில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி லேனுக்குள்ளேயே நடந்து போனான், நாலாவது அடியில் வழுக்கி விழுந்தான். அப்பா போய்த் தூக்கிக்கொண்டு வந்தார், எல்லோரும் சிரித்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேன் மேல் எண்ணெய் பூசியிருப்பார்கள். கோட்டிலிருந்து முதல் பின் வரை அறுபது அடி, அதில் ஏறக்குறைய நாற்பது அடி தூரத்துக்குக் கண்ணுக்கே தெரியாத மெல்லிய எண்ணெய். அதன் மேல் நடந்தால் பெரிய ஆளே நிற்க முடியாது. பின்மண்டையில் அடிபட்டிருந்தால் அந்தக் குழந்தையின் கதி என்ன?

அன்று அந்த இடத்தில் நடந்த உண்மையான ஆபத்து அதுதான். வெளியே அனுப்பப்பட்டவர்கள் சத்தம் போட்டவர்கள்.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒன்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவள். ஷூ கவுன்டரில் சேர்ந்து, வேலையை விடும்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். விடலைப் பையன்கள் கூட்டம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர்கள் செய்யும் தொல்லையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பந்து விடுவார்கள். கிரிக்கெட் மாதிரி தோளுக்கு மேல் தூக்கி எறிவார்கள், பந்து விழுந்த இடத்தில் பலகை பள்ளமாகும். கூல்டிரிங்க் கப்போடு பந்து விடும் இடத்துக்கு வந்து சிந்துவார்கள். இது பலருக்குச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ரொம்ப மோசம். பவுலிங் ஷூவின் அடிப்பாகம் சறுக்குவதற்கென்றே செய்தது. ஈரத்தில் மிதித்தால் கால் அப்படியே ஒட்டி நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். முழங்கால் திருகிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் விட எனக்கு மறக்காத நாள் ஒன்று உண்டு. பிளஸ் டூ பரீட்சை முடிந்த நாள். மதியம் இரண்டு மணிக்கே எல்லா லேனும் நிறைந்துவிட்டது, எல்லாம் யூனிஃபார்ம் பிள்ளைகள். நாலாம் லேனில் பின் ஒன்று, பின்களை அடுக்கும் மெஷினில் சிக்கிக்கொண்டது. எங்கள் மெக்கானிக் அண்ணன் பின்பக்கம் போய், மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளே கையை விட்டுப் பின்னை எடுத்துக்கொண்டிருந்தார். முன்னால் இருக்கும் பையன்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிவதெல்லாம் திரை ஓடவில்லை, பொறுமை போய்விட்டது, அவ்வளவுதான். நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, ஒருவன் பன்னிரண்டு பவுண்டு பந்தை ஓங்கி விட்டான். நின்றிருந்த பின்னில் அது மோதி, அந்தப் பின் பறந்துபோய் அண்ணனின் மணிக்கட்டில் அடித்தது. ஒரு பின் ஒன்றரை கிலோ எடை. எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

நான் அந்தப் பையனைக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவன் அழுதுகொண்டே ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "உள்ள ஆள் இருப்பாங்கன்னு தெரியாதுக்கா, எல்லாம் கம்ப்யூட்டர்னு நினைச்சேன்."

அவன் பொய் சொல்லவில்லை. யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. முந்நூறு, நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஷூ கொடுத்து, லேன் நம்பர் சொல்லி அனுப்பியவர்கள் நாங்கள். அவன் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து ராத்திரி வரை உட்கார்ந்திருந்தான். அண்ணன் அவனிடம் சொன்னது, "போ தம்பி, அம்மா தேடுவாங்க."

அந்த நாளுக்கு அப்புறம் என் ஷிஃப்டில் பையன்கள் கூட்டம் எது வந்தாலும், ஷூ மாட்டும்போதே பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். அந்தப் பக்கம் ஓர் அண்ணன் வேலை செய்கிறார், திரையில் உன் பெயர் வராமல் பந்து விடாதே, இந்தக் கோட்டைத் தாண்டாதே, தண்ணீர் இந்தப் பக்கம் வரக்கூடாது. இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் ஒரு கதையும் சொல்வேன். இந்த மெஷின் வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் பின்களை அடுக்கி வைத்தது உன் வயதுப் பையன்கள்தான், உன்னைவிடச் சின்னவர்களும்கூட. லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1910 வாக்கில் அவர்களைப் படம் எடுத்திருக்கிறார். குழந்தைத் தொழிலாளர்களுக்காக ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தவர் அவர். நள்ளிரவு தாண்டியும் அந்தப் பிள்ளைகள் லேனின் கடைசியில் உட்கார்ந்து, பந்து வரும்போது காலைத் தூக்கிக்கொண்டு, பின்களைப் பொறுக்கி நிறுத்தினார்கள். தானாக அடுக்கும் மெஷினை அமெரிக்காவின் ஏ.எம்.எஃப். நிறுவனம் முதலில் காட்டியதே 1946இல். இந்தக் கதையைச் சொன்னால் பையன்கள் அமைதியாகிவிடுவார்கள். ஒருவன் கட்டாயம் கேட்பான், "எவ்ளோ சம்பளம்க்கா?" என்று.

கேரம் கிளப்பைப் பாருங்கள். வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. இதே வயதுப் பையன்கள்தான் போர்டைச் சுற்றி மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். எது ஃபவுல், எப்போது கை வைக்கக்கூடாது, அடுத்தவன் அடிக்கும்போது போர்டில் சாயக்கூடாது, எல்லாம் அங்கே இருக்கும் அண்ணன்கள் சொல்லிக்கொடுத்தது. பவுலிங்கை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மால் திறந்தார்கள், மெட்ரோ வந்தது, தண்டையார்பேட்டையிலிருந்து ஏறி வந்து இறங்குகிறார்கள். முதல் முறை பந்தைத் தூக்கும் பையனுக்கு அது ஒரு விளையாட்டு என்பதைவிட ஒரு திருவிழா. கத்தத்தான் செய்வான்.

கத்தட்டும் என்றுதான் நான் சொல்வேன். பின் விழும் சத்தமே அந்த ஹால் முழுக்கக் கேட்கும், மேலே ஸ்பீக்கரில் பாட்டு அலறும். அந்த இடத்தில் மனிதக் குரல் மட்டும் எப்படிக் குற்றமாகும்? கெட்ட வார்த்தை பேசினால் சொல்லி நிறுத்தலாம். பக்கத்தில் கைக்குழந்தை இருந்தால், "தம்பி, பாப்பா பயப்படுது" என்று சொன்னால் போதும். ஒன்பது வருடத்தில் அதற்கு எதிர்த்துப் பேசிய பையன்களை நான் கை விரலில் எண்ணிவிடுவேன்.

சொல்லும் விதம் ஒன்று உண்டு. கூட்டத்தின் நடுவில் நின்று சொன்னால் எந்தப் பையனும் அடங்கமாட்டான். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இரண்டு பேர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு, சிலர் தனியாக, சிலர் நண்பர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் பார்க்கும்போது அதிகமாக ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இதைப் படிப்பதற்கு முன்பே எங்கள் கவுன்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். மெஷினை நோக்கிப் பந்து விட்ட பையன் தனியாக இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டான். எண்ணியவர்கள் ஏழு பேர்.

அதனால் நான் கூட்டத்திடம் பேசமாட்டேன். அதிகமாகக் கத்துகிறவனிடமும் பேசமாட்டேன், அவன் தலைவன் இல்லை. பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவன் ஒருவன் இருப்பான், எல்லோரிடமும் காசு வசூல் பண்ணியவன். ஸ்கோர் போர்டில் அவன் போட்டிருக்கும் பெயரைச் சொல்லியே கூப்பிடுவேன். "தளபதி, ஒரு நிமிஷம் இங்க வாப்பா." கவுன்டர் பக்கம் தனியாக வந்ததும், "நீதான் பொறுப்பா கூட்டிட்டு வந்திருக்க. அந்த சிவப்புச் சட்டை ரெண்டு முறை கோட்டைத் தாண்டிட்டான். மூணாவது முறை தாண்டினா லேனை நிறுத்திடுவேன், காசு திரும்ப வராது. நீ சொல்லு அவன்கிட்ட." அவன் போய்ச் சொல்வான். நான் சொன்னால் கேட்காதவன் அவன் சொன்னால் கேட்பான். மூன்றாவது முறை நடந்தால் சொன்னபடி நிறுத்தியும் இருக்கிறேன். சொல்லிவிட்டு நிறுத்தாமல் விட்டால் அடுத்த வாரம் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே கிடையாது. கவுன்டரில் நிற்கும் பெண்ணை, பக்கத்து லேனில் குனிந்து பந்து விடும் பெண்ணை ஃபோனில் படம் எடுத்தால் அப்போதே வெளியே. படத்தை அழித்துவிட்டு, ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். என்னையே எடுத்திருக்கிறார்கள், என் இருபத்திரண்டு வயதில். அன்றைய மேனேஜர் "சின்னப் பசங்க, விடும்மா" என்றார். அவர் விட்டது தப்பு. சத்தத்துக்குத் துரத்துகிற அதே ஆட்கள் இதைக் கண்டும் காணாமல் இருப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது சொல்லக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். யாரைத் துரத்துகிறோம் என்பது. சனிக்கிழமை ராத்திரி எங்கள் சென்டருக்குப் பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிறந்தநாள் கொண்டாட வருவார்கள். இருபது பேர், கேக்கை முகத்தில் பூசிக்கொள்வார்கள், கிரீம் லேனில் ஒட்டும். செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே துணி எடுத்து வருவார். அதே செக்யூரிட்டி, முடியில் கலர் அடித்து, டைட் பேன்ட் போட்டு, செருப்போடு வரும் நாலு பையன்களை வாசலிலேயே நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார். 'புள்ளிங்கோ' என்று ஒரு பெயர் வேறு வைத்தாகிவிட்டது. அந்தப் பெயரை வைத்த பிறகு அவன் என்ன செய்தான் என்று யாரும் பார்ப்பதே இல்லை. செக்யூரிட்டி அண்ணனை நான் குறை சொல்லவில்லை. அவர் வீட்டுப் பையனும் அப்படித்தான் முடி வெட்டியிருப்பான். யாரை நிறுத்தச் சொல்லி அவருக்கு மேலிருந்து சொல்லப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. பெண் பிள்ளைகள் கூட்டமாக வந்து கத்தினாலும் முணுமுணுப்பு வரும், அதில் வேறு மாதிரி வார்த்தைகள் இருக்கும்.

பெற்றோர் இல்லாமல் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை விடக்கூடாது என்று போர்டு வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். உண்மைதான், அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள 'மால் ஆஃப் அமெரிக்கா' 1996இலேயே, வெள்ளி, சனி சாயங்காலங்களில் பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் 21 வயது நிரம்பிய ஒருவரோடுதான் வர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. இங்கே அப்படி ஒரு போர்டு வைத்தால் யார் வெளியே நிற்பார்கள் என்று யோசியுங்கள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் அம்மா அப்பாவின் பிள்ளைகள். காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காத்திருக்கும் அப்பா அவர்களுக்கு இல்லை. நாலு பேர் இரண்டு மாதம் காசு சேர்த்து வருகிறார்கள், அவர்கள் போக மிச்சம் இருப்பது மெரினா மட்டும்தான்.

நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வார இறுதியில் லேன் பக்கம் நடந்துகொண்டே இருக்க ஓர் ஆளைப் போடுங்கள். செலவு மிச்சம் என்று அந்த வேலையைத்தான் முதலில் எடுத்தார்கள். நான் சேர்ந்தபோது மூன்று பேர் இருந்தோம், விடும்போது நான் ஒருத்தி, கவுன்டரையும் பார்த்துக்கொண்டு. சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் கடைசியில் செக்யூரிட்டிதான் வருவார், வந்தால் வெளியே அனுப்ப மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

எட்டாம் லேன் சாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றே உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும், கூட்டத்தில் தயங்கிவிட்டேன். அந்தப் பையன்களிடம் நீங்களே, "தம்பி, கொஞ்சம் மெதுவா" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கலாம். உங்கள் மகன் விழுந்தபோது முதலில் எழுந்து ஓடிவந்தது அவர்களில் ஒருவன். கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான், நீங்கள் தூக்குவதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டான். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.