முகம் எங்கே, அத்தை?

செல்வா: நீங்க சொன்ன படத்தைப் பார்த்துட்டேன் அத்தை. ஹீரோன்னு சொன்னீங்களே, அந்த நடிகர் கிளாட் ரெயின்ஸ் வரவே இல்லயே?

அத்தை: எந்தப் படம்?

செல்வா: 1933-ல வந்த 'தி இன்விசிபிள் மேன்'.

அத்தை: படத்தோட பேரை இன்னொரு தடவை சொல்லு.

செல்வா: இன்விசிபிள்... சரி, புரியுது. ஆனா முகம்னு ஒண்ணு காட்டணும்ல? மொத்தப் படமும் கட்டு, கறுப்புக் கண்ணாடி, கையுறை!

அத்தை: எத்தனை வேகத்துல பார்த்த?

செல்வா: ரெண்டு மடங்கு. பழைய படம்தானே.

அத்தை: மொத்தமே 71 நிமிஷம். அதையும் பாதியாக்கிட்டியா? அந்த மனுஷன் நடிக்கிறதே குரல்ல. வார்த்தைக்கு வார்த்தை விடற இடைவெளியை நீ நறுக்கிப் போட்டுட்டு நடிப்பு எங்கன்னு கேக்கிற.

செல்வா: சட்டை மட்டும் நடக்குமே, அந்த நடை சூப்பர். அது அவர்தானே?

அத்தை: பெரும்பாலும் டூப்பு. செட்டுல சுவர், தரை எல்லாம் கறுப்பு வெல்வெட். ஆளுக்கும் தலையிலிருந்து கால் வரை கறுப்பு வெல்வெட் உறை, அதுக்கு மேல சட்டை. படம் பிடிச்சா சட்டை மட்டும் விழும். அதைப் பின்னணியோட, ரெண்டு ஃபிலிமை ஒண்ணாக்கற ஆப்டிகல் பிரிண்டர்ல சேர்த்தார், ட்ரிக் காட்சிகளைப் பார்த்துக்கிட்ட ஜான் ஃபுல்டன். கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோனா கறுப்புக் கை சட்டையை மறைச்சுடும், குட்டு உடைஞ்சுடும். உறையில கண்ணுக்கு வச்ச ஓட்டை தெரியும். ஃபிரேம் ஃபிரேமா தூரிகையால மறைச்சாங்க. மூச்சு விட குழாய்ல காத்து. அந்த இரைச்சல்ல டைரக்டர் கத்தறதும் காதுல விழாது.

செல்வா: முகம் கட்டு, உடம்பு டூப்பு, மிச்சம் வெல்வெட்டு. இவருக்குச் சம்பளம் எதுக்கு?

அத்தை: குரலுக்கு! அந்தக் குரலும் சும்மா வரல. சின்ன வயசுல லண்டன் தெருவோட காக்னி கொச்சை, திக்கல், 'ர' வராது.

செல்வா: ரெயின்ஸ்னு தன் பேரையே சொல்ல முடியாதா!

அத்தை: பீர்போம் ட்ரீன்னு பெரிய நாடக நடிகர், காசு குடுத்துப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார். அப்புறம் ராடா நாடகப் பள்ளியில இவரே வாத்தியார். பெரிய நடிகர் ஜான் கீல்குட் இவர்கிட்ட படிச்சவர். நடுவுல முதல் உலகப் போர்ல விஷவாயு பட்டு ஒரு கண்ணுல பார்வை அநேகமா போச்சு.

செல்வா: பாவம். ஆனா முகம்...

அத்தை: கடைசியில காட்டறாங்கடா! சாகும்போது, படுக்கையில. தலையணை, போர்வை எல்லாம் பிளாஸ்டரும் காகிதக் கூழும். முதல்ல எலும்புக்கூடு, அப்புறம் ஒரு பொம்மை, அப்புறம் அவர்னு ஒண்ணு மேல ஒண்ணு மெதுவா கரைச்சு எடுத்தது.

செல்வா: அந்த இடத்துல கிரெடிட்ஸ்னு நினைச்சுத் தள்ளிட்டேன்.

அத்தை: தள்ளுவ. முகத்துக்கு விசில் அடிச்சே பழகின கூட்டம்.

செல்வா: அவ்வளவு பெரிய நடிகர்னா ஆஸ்கர்?

அத்தை: துணை நடிகருக்கு 4 பரிந்துரை. ஒண்ணும் வரல. 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்'ல நடிச்சதுக்குப் பரிந்துரைச்ச வருஷம் ஜெயிச்சவர் பேரி ஃபிட்ஸ்ஜெரால்டு. அவர் வீட்டுக்குள்ள கோல்ஃப் ஆடி ஆஸ்கர் சிலையோட தலையை உடைச்சுட்டார். போர்க்காலம்னு பிளாஸ்டர்ல செஞ்சு குடுத்தது.

செல்வா: அப்போ அதுக்கும் முகம் இல்ல!

அத்தை: ...சரி, முகம்தானே வேணும்? 1946, 'நொட்டோரியஸ்' பாரு. வில்லன்.

செல்வா: ஆள் வாட்டசாட்டமா?

அத்தை: குள்ளம். கதாநாயகி இங்க்ரிட் பெர்க்மன் இவரைவிட உயரம். ரெண்டு பேரும் கைகோத்துக் கேமராவை நோக்கி நடக்கிற ஷாட்டுக்கு இவர் பக்கம் மட்டும் பலகையில சரிவு போட்டாங்க.

செல்வா: வெல்வெட்டு, டூப்பு, இப்போ பலகையா!

அத்தை: கேளுடா. நாஜிக் கூட்டாளி, மனைவிக்கு விஷம் வைக்கிறவன். ஆனா அவளை உண்மையா நேசிக்கிறான், அதைக் கண்ணுல வச்சிருப்பார். கடைசியில ஹீரோ கேரி கிராண்ட் அவளைக் கார்ல ஏத்தி, இவன் ஏற முடியாதபடி கதவைப் பூட்டிட்டுக் கிளம்பிடறான். வாசல்ல கூட்டாளிங்க கூப்பிடறாங்க. போனா உயிர் போகும்னு தெரியும். படியேறிப் போறான். ஹீரோ தப்பிச்சதை விட்டுட்டு இந்தப் பாவிக்காக நமக்கு வயித்தைக் கலக்கும்.

செல்வா: முகத்துல பயம் பிச்சு உதறியிருப்பாரே!

அத்தை: அந்த ஷாட்டுல முதுகுதான் தெரியும்.

செல்வா: அத்தை!