எல்லோருக்கும் எல்லாம் அப்போதே தெரியுமாம்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் ஆடும் ஃபிலடெல்ஃபியா செவன்ட்டிசிக்ஸர்ஸ் அணிக்கு ரசிகனாக இருப்பதில் உள்ள துன்பங்களுள் தோல்விக்குக் கடைசி இடம்தான். அது பழகிவிட்டது. 2024-25 பருவத்தில் 82 ஆட்டங்களில் 58 ஆட்டங்களை இழந்தோம். எங்கள் நட்சத்திர வீரர் ஜோயல் எம்பீட் 19 ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்து முடித்த எனக்கு, அதற்குப் பின்பு சக ரசிகர்கள் நடத்திய டிராஃப்ட் விவாதத்தைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்துப் புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. எந்த அணி முதலில் எடுக்கும் என்று முடிவுசெய்ய 2025 மே 12 அன்று சிகாகோவில் நடந்த லாட்டரிக் குலுக்கலில் நமக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. முதல் ஆறு இடங்களுக்குள் வராமல் போயிருந்தால் அந்த வாய்ப்பு பழைய ஒப்பந்தம் ஒன்றின்படி ஒக்லஹோமா சிட்டி அணிக்குப் போயிருக்கும் என்பதால் அது உண்மையிலேயே பெரிய அதிர்ஷ்டம். அந்த மகிழ்ச்சி ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. மறுநாளிலிருந்து, ஜூன் 25 இரவு புரூக்ளினில் பெயர் அறிவிக்கப்படும் வரை, நமக்குள் நாமே அடித்துக்கொண்டோம்.

கேள்வி நியாயமானதுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்பை வைத்துக்கொண்டு முதலிடத்தைத் தட்டிச் சென்ற டாலஸ், கூப்பர் ஃபிளாக்கை எடுக்கும் என்பதும், சான் அன்டோனியோ டிலன் ஹார்ப்பரை எடுக்கும் என்பதும் ஏறத்தாழ முடிவான செய்திகள். நமக்கு எஞ்சியவர்களில் முன்னின்றவர்கள் இருவர்: பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்து பேலர் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய வி.ஜே. எட்ஜ்கோம்ப், ஹார்ப்பரோடு சேர்ந்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஏஸ் பெய்லி. ஒருவர் வேகமும் தடுப்பாட்டமும் உள்ளவர். மற்றவர் உயரமும் எந்த இடத்திலிருந்தும் பந்தை வளையத்துக்குள் போடும் கையும் உள்ளவர். அறிவுள்ளவர்கள் அமர்ந்து பேசுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஆனால் யார் அமர்ந்து பேசினார்கள்?

பெய்லி தரப்பினர் கையில் எப்போதும் ஒரு காணொளித் துணுக்கு இருந்தது. தடுப்பவர் முகத்துக்கு நேரே கையை நீட்டி நிற்க, பெய்லி இரண்டு முறை பந்தைத் தட்டி, ஒரு காலைப் பின்னே இழுத்து, உடலைச் சாய்த்து எறிவார். பந்து வலையை மட்டும் தொட்டு இறங்கும். அழகுதான், மறுக்கவில்லை. அதே துணுக்கை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: இடது மூலையில் அவருடைய அணிக்காரர் ஒருவர், பக்கத்தில் எதிரணியின் நிழல்கூட இல்லாமல், இரு கைகளையும் உயர்த்திப் பந்துக்காக நிற்கிறார். பெய்லி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 17.6 புள்ளிகள் எடுத்தவர், சக வீரர்கள் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்துகளின் சராசரி 1.3 மட்டுமே. அவரும் ஹார்ப்பரும் இருந்தும் ரட்கர்ஸ் 15 ஆட்டங்களில் வென்று 17 ஆட்டங்களில் தோற்றது. இதைச் சொன்னால், "உனக்கு ஆட்டமே தெரியவில்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். எட்ஜ்கோம்ப் தரப்பினரும் இளைத்தவர்கள் அல்லர். அவர் பறந்து பந்தை வளையத்தில் அறையும் காட்சிகளை மட்டும் தொகுத்து வைத்துக்கொண்டு, நிதானமான அரைக்கள ஆட்டத்தில் அவர் பந்தைத் தானே கொண்டுபோய்ப் புள்ளியாக்கத் திணறிய பொழுதுகளைக் கண்டும் காணாதது போல இருந்தார்கள்.

பிறகு உயரச் சண்டை வந்தது. ரட்கர்ஸ் பட்டியலில் 6 அடி 10 அங்குலம் என்றிருந்த பெய்லியைச் சிகாகோ அளவெடுப்பு முகாமில் வெறுங்காலோடு நிறுத்தி அளந்தபோது 6 அடி 7.5 அங்குலம் என்று வந்தது. காலணியோடும் காலணி இல்லாமலும் அளப்பதில் வித்தியாசம் வருவது வழக்கம் என்பதும், கல்லூரிகள் சில அங்குலங்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும் என்பதும் கூடைப்பந்து பார்க்கும் எவருக்கும் புதிய செய்தி அல்ல. ஆயினும் ஒரு கூட்டம் அந்தப் பையனே நம்மை ஏமாற்றிவிட்டதுபோலக் கொதித்தது. இன்னொரு கூட்டம் அளவுகோலையே சந்தேகித்தது. அடுத்து, ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து தனிப் பயிற்சி காட்டுவதாக இருந்ததை அவர் ரத்து செய்தார் என்ற செய்தி வந்ததும் இது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. நேற்று வரை பெய்லியைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள், "நம் ஊருக்கு வர மனமில்லாதவன் நமக்கெதற்கு" என்று ஒரே இரவில் கட்சி மாறினார்கள். அவருடைய ஆட்டம் அந்த ஓர் இரவில் எப்படி மோசமானது என்று கேட்டேன். பதில் இல்லை.

என்னை உண்மையாகவே கொதிக்க வைப்பது வேறொன்று. எந்தப் பக்கம் பேசினாலும் கடைசியில் பழைய பெயர் ஒன்றை எடுத்துக் கல்லாக எறிவார்கள். 1984-இல் போர்ட்லண்ட் அணி மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு சாம் போவியை எடுத்ததாம். 2009-இல் மினசோட்டா ஐந்தாவது, ஆறாவது வாய்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ரிக்கி ரூபியோவையும் ஜானி ஃபிளினையும் எடுக்க, பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஸ்டெஃபன் கரி ஏழாவதாக கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனாராம். சரி, தெரியும். முந்தைய ஆண்டுதான் எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர், ஜோர்டன் ஆடும் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்ததால் போர்ட்லண்ட் உயரமான நடு ஆட்டக்காரர் ஒருவரைத் தேடியது என்பதையும், போவியைக் கவிழ்த்தவை அவருடைய கால் எலும்புகள் என்பதையும் ஒருவரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தக் கதையிலிருந்து "தேவையைப் பார்க்காதே, திறமையைப் பார்" என்ற பாடத்தை ஒருவர் எடுக்கிறார். "உடல்நிலை அறிக்கையைப் பார்" என்று இன்னொருவர் எடுக்கிறார். இருவரும் எட்ஜ்கோம்புக்கும் பெய்லிக்கும் அது எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கும் சிரமத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை.

நம் ஊர்க் கதையையே பார்ப்போம், அடுத்த ஊர் எதற்கு. 2017-இல் பாஸ்டனிடம் நம் மூன்றாம் இடத்தையும் எதிர்கால முதல் சுற்று வாய்ப்பு ஒன்றையும் கொடுத்து முதலிடத்தை வாங்கி மார்க்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தோம். பாஸ்டன் மூன்றாவதாக, பின்னாளில் நட்சத்திரமான ஜேசன் டேட்டமை எடுத்தது. தோள்பட்டைப் பகுதியின் நரம்புக் கோளாற்றால் ஃபுல்ட்ஸின் எறிமுறையே சிதைந்துபோனது. முதல் பருவத்தில் 14 ஆட்டங்களோடு நின்றார். 2019-இல் ஆர்லாண்டோவுக்கு அனுப்பப்பட்டார். இன்று இந்த நகரத்தில் யாரைக் கேட்டாலும், "நான் அன்றைக்கே டேட்டம் என்றுதான் சொன்னேன்" என்கிறார்கள். அப்படியானால் அந்த வியாபாரம் நடந்த நாளில் ஆனந்தக் கூத்தாடியவர்கள் யார்? வேற்றுக் கிரகவாசிகளா? ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் தோள் நரம்பு நான்கு மாதத்தில் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே கண்டவர்கள் இத்தனை பேர் இருந்தும் நாம் எப்படித்தான் கோப்பை வெல்லாமல் இருக்கிறோமோ! கிளி ஜோசியக்காரர்கூட, கிளி சீட்டை எடுத்த பிறகுதான் பலன் சொல்லத் தொடங்குகிறார். அந்த நாணயம்கூட இவர்களிடம் இல்லை.

மேலும் ஒன்று. இன்று இந்த ஊர் உள்ளங்கையில் வைத்துத் தாங்கும் டைரீஸ் மேக்ஸி, 2020-இல் 21-ஆவது இடத்தில் வந்தவர். அவருக்காக யாரும் ஆறு வாரம் தொண்டை கிழியக் கத்தவில்லை. டென்வருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த நிகோலா யோக்கிச்சின் பெயர் 2014-இல் 41-ஆவதாக வாசிக்கப்பட்டபோது தொலைக்காட்சியில் உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அணிகளின் தேர்வாளர்களே, மருத்துவ அறிக்கையும் நேர்காணலும் தனிப் பயிற்சியும் கையில் இருந்தும், இப்படித் தவறுகிறார்கள். அவற்றில் ஒன்றையும் கண்ணால் பார்க்காத என் நண்பர் ஒருவர், பெய்லியை எடுக்காவிட்டால் பொது மேலாளரை அன்றிரவே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். எடுத்த பிறகு எந்தப் பயிற்சியாளர் கையில், எத்தனை நிமிடம், யாருக்குப் பக்கத்தில் ஆடுவார் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அப்புறம்" என்றார். ஒரு வீரர் உருவாவதும் உருப்படாமல் போவதும் பெரும்பாலும் அந்த "அப்புறம்" என்பதில்தானே இருக்கிறது?

இதில் சிக்கிக்கொள்பவர்கள் பிள்ளைகள். பெய்லிக்கு அப்போது வயது 18. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாத அந்தப் பையனை "பஸ்ட்", அதாவது தேறாத தேர்வு, என்று எழுதி முடித்துவிட்டார்கள். 2015-இல் நியூயார்க் நான்காவதாக கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸின் பெயரை அறிவித்தபோது அரங்கில் எழுந்த ஊளைச் சத்தத்தை யாரும் மறக்கவில்லை. மேடையேறி நடந்த அந்த லாட்விய இளைஞரின் காதிலும் அது விழுந்திருக்கும். அடுத்த சில மாதங்களில் அதே ரசிகர்கள் அவருடைய பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

நம்மவர்களும் அதையே செய்தார்கள். அணி எட்ஜ்கோம்பை எடுத்தது. பெய்லி ஐந்தாவதாக யூட்டாவுக்குப் போனார். அக்டோபர் 22 அன்று பாஸ்டனில் நடந்த தன் முதல் ஆட்டத்திலேயே எட்ஜ்கோம்ப் 34 புள்ளிகள் குவித்தார், நாம் ஒரு புள்ளியில் வென்றோம். அந்த இரவே என் நண்பரிடமிருந்து செய்தி வந்தது: "நான்தான் அப்போதே சொன்னேனே." ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு இந்த வழக்கும் முடிந்துவிட்டதாம். அதோடு அவர் ஏ.ஜே. டிபான்ட்சாவா, டேரின் பீட்டர்சனா, கேமரன் பூசரா என்று 2026 டிராஃப்டுக்கான சண்டையில் இறங்கிவிட்டார். மூவரில் எவரையும் ஒரு முழு ஆட்டம் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். துணுக்கு ஒன்றை அனுப்பி வைத்தார்.