மீன் தொட்டி வாங்கணுமாம்

எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நம் நாய் வளர்ப்பவர்கள் குரூப்பில் நடந்ததை பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு ஸ்க்ரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். ஒரு தம்பி கேட்டது ஒரே கேள்வி. "சின்ன நாய்க்கு கம்மி விலைல நல்ல ஃபுட் எது அண்ணா?" அதற்கு நம் நாய் மகாராஜா ஒருவர் அருளிய பதில்: "பட்ஜெட் இல்லேன்னா மீன் தொட்டி வாங்கிக்கோ ப்ரோ." கீழே வரிசையாகச் சிரிப்பு. சிரித்தவர்களில் என் நண்பர்கள் பதினோரு பேர். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சின்ன நாய்க்கு நல்ல சாப்பாடு போடப் பெரிய சம்பளம் தேவையில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிற பொறுமையும் ஒரு தராசும் இருந்தால் போதும்.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். சிட்டு, 5 கிலோ ஸ்பிட்ஸ். நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று சொல்வோமே, அதுதான். கருத்தடை ஆபரேஷன் ஆனவள், வெயிலில் படுத்தே நாளை ஓட்டுபவள். அவளுக்கு ஒரு நாளைக்கு 90 கிராம் போதும், காலை 45, ராத்திரி 45. எங்கள் தெருக்கடையில் 3 கிலோ பை 690 ரூபாய். கணக்குப் போட்டால் நாளுக்கு 20 ரூபாய் 70 காசு, ஒரு டீயும் வடையும். மகாராஜா சிபாரிசு செய்கிற பை கிலோ 900. அதைப் போட்டால் நாளுக்கு 81 ரூபாய். நாலு மடங்கு விலைக்கு நாலு மடங்கு சத்து வந்துவிடுமா? வராது. தினமும் தராசில் வைத்து நிறுப்பதைப் பார்த்து என் மனைவி "நகைக்கடைல வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டாள். கேட்கட்டும். சின்ன நாய்க்குப் பத்து கிராம் கூடினாலே இடுப்பில் தெரியும்.

பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க விளம்பரம். மலை, காடு, ஓநாய் படம். விஷயம் எல்லாம் பின்பக்கம். முதலில் பார்க்க வேண்டியது, அது முழுமையான சமச்சீர் உணவா அல்லது துணை உணவா என்பது. துணை உணவு என்றிருந்தால் அதை மட்டுமே நம்பி நாயை வளர்க்க முடியாது. அடுத்தது புரதம். அமெரிக்காவில் இதற்குத் தரம் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5 என்கிறது. இந்த அளவைத் தாண்டிய சாதாரண விலைப் பை எந்தக் கடையிலும் கிடைக்கும். கிரேவி பாக்கெட்டை ஆசையாக வாங்குகிறவர்கள் அதில் ஈரம் எவ்வளவு என்று ஒரு தடவை பாருங்கள். முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீருக்கா காசு?

பெரிய மூட்டை வாங்கினால் லாபம் என்ற ஆசையில் நானும் ஒருமுறை விழுந்தேன். பத்து கிலோ மூட்டை, கிலோவுக்கு முப்பது ரூபாய் மிச்சம். ஆனால் 90 கிராம் சாப்பிடுகிறவளுக்குப் பத்து கிலோ நாலு மாசம் வரும். திருச்சி சித்திரை வெயிலில் நாலு மாசம்! மூன்றாவது மாசம் மூட்டையைத் திறந்தால் பழைய பஜ்ஜி எண்ணெய் மாதிரி சிக்கு வாடை. சிட்டு முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். மிச்சத்தைக் குப்பையில்தான் கொட்டினேன். கடையில் மூட்டையைப் பிரித்து லூஸில் நிறுத்துத் தருவதும் இதே கதைதான், என்றைக்குத் திறந்த மூட்டை என்று யாருக்குத் தெரியும்? சின்ன நாய்க்கு சின்னப் பை. ஒரு மாசம், ஒன்றரை மாசத்தில் தீர்கிற மாதிரி.

இப்போது சண்டைக்கு வருகிறவர்களிடம் வருகிறேன்.

"அரிசி, சோளம் எல்லாம் நாய்க்கு விஷம், தானியமே இல்லாத ஃபுட்தான் போடணும்." யார் சொன்னது? பாக்கெட்டில் இருக்கிற ஓநாயா? 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயையும் ஓநாயையும் மரபணுவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது. நாயிடம் நாலிலிருந்து முப்பது வரை. மனுஷனோடு சேர்ந்து சோறு தின்று தின்று வந்த உடம்பு ஐயா அது. இன்னொன்றும் கேளுங்கள். தானியமில்லாத உணவுகளுக்கும் நாய்களுக்கு வரும் ஒருவகை இதய வீக்க நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று 2018இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே விசாரிக்கத் தொடங்கியது. இன்னும் நிரூபணமாகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "விஷம்" என்று எழுதும்போது நீங்கள் நிரூபணத்துக்காகக் காத்திருந்தீர்களா?

"அப்போ கடைச் சாப்பாடே எதுக்கு, வீட்டுச் சோறு போதுமே" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூட்டம். இவர்களிடம் எனக்குக் கோபம் வராது, நானே அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தானே. எங்கள் பழைய ஜிம்மி தயிர்சாதத்திலேயே பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தான் என்று பெருமை அடித்துக்கொள்வேன். கடைசி மூன்று வருஷம் அவன் வாயில் பல்லே இல்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். சிட்டு குட்டியாக வந்தபோது சோறும் வேகவைத்த கோழியும்தான். நாலாவது மாசம் முன்னங்கால் இரண்டும் வளைய ஆரம்பித்தன. கால்நடை மருத்துவர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "கால்சியத்துக்கு என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டார். நான் முழித்தேன். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். நல்லதென்று நினைத்து நான் போட்டதே அவள் எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. அவர் சொல்லித்தான் குட்டிகளுக்கான சாதாரணப் பைக்கு மாறினேன். கால் நிமிர்ந்துவிட்டது.

2013இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்து குறைந்திருந்தது. இத்தனைக்கும் அவற்றில் மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன. அதனால் வீட்டுச் சோறே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேகவைத்த முட்டையில் கொஞ்சம், தோலில்லாத கோழி ரெண்டு துண்டு, மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குழம்புச் சோறு மட்டும் வேண்டவே வேண்டாம். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் எது? இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஐந்து கிலோ உடம்பு அதைத் தாங்காது.

"சாப்பாட்டுக்கே யோசிக்கிறவன் வைத்தியச் செலவுக்கு என்ன பண்ணுவான்?" இதை ஒருத்தர் இன்பாக்ஸில் வந்து கேட்டார், ரொம்ப மரியாதையாக. நியாயமான கேள்விதான். பதிலுக்கு, அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, அவசரத்துக்கு மாசம் கொஞ்சம் எடுத்து வைக்கலாம் என்றெல்லாம் அடித்தேன். அடித்துவிட்டு அழித்தேன். ஏனென்றால் அந்தக் கேள்வி முன்பே ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது.

அப்பா பஸ் கண்டக்டர். ஒண்டுக் குடித்தனம். ஜிம்மியைத் துண்டில் சுற்றி அவர் எடுத்து வந்த அன்று வீட்டுக்காரர் முற்றத்தில் நின்றுகொண்டு, "வாங்குற சம்பளத்துக்கு நாய் ஒரு கேடா?" என்றார். எனக்குப் பத்து வயசு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, தன் டீயில் நனைத்த பிஸ்கட்டில் பாதியைப் பிட்டு ஜிம்மிக்குப் போட்டார். இப்போதென்றால் நான் தடுத்திருப்பேன், சர்க்கரை, டீ, எல்லாம் தப்பு. அது வேறு விஷயம். "நாய் ஒரு கேடா"வுக்கும் "மீன் தொட்டி வாங்கிக்கோ ப்ரோ"வுக்கும் என்ன வித்தியாசம்? கடைசியில் ஒரு ப்ரோ. அவ்வளவுதான்.

நான் பெரிதுபடுத்துகிறேன் என்பீர்கள். ஜோக்குக்கு எதுக்கு இவ்வளவு என்பீர்கள். அந்தத் தம்பி கேள்வியை அழித்துவிட்டு குரூப்பை விட்டே போய்விட்டான், கவனித்தீர்களா? சிரித்த பதினோரு பேரில் ஒருத்தராவது அவனுக்கு ஒரு பையின் பெயரைச் சொன்னீர்களா? கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவனைத் துரத்திவிட்டு, அவன் நாய்க்கு நல்லது செய்ததாக நினைப்பு வேறு.

அவனைத் தேடிப் பிடித்து மெசேஜ் அனுப்பினேன். மூன்று கிலோ நாயாம், ஒன்றரை வயசு, கலப்பு. சாயங்காலம் பக்கத்துக் கடையில் நின்று நாலு பைகளின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். ஒன்றில் துணை உணவு என்றிருந்தது, தள்ளினோம். ஒன்று தேதி முடிய மூணு வாரம்தான், அதையும் தள்ளினோம். மிச்சம் இரண்டில் விலை குறைந்ததையே எடுக்கச் சொன்னேன். தராசு இல்லை என்றான். மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஒருநாள் அளவை மட்டும் நிறுத்து வாங்கி, அது டம்ளரில் எதுவரை வருகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மணி எட்டாகப் போகிறது. தராசை எடுக்கிற சத்தம் கேட்டு சிட்டு காலடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். 45 கிராம். நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் மீனுக்குப் போட்டுவிட்டு வாருங்கள், கமெண்ட்டில் பார்ப்போம்.