கார்டு கேட்காதீர்கள்

போன ஞாயிறு, டல்லஸ் பக்கம் நம்மவர் ஒருவர் நடத்தும் டிபன் கடைக்கு அலுவலகத் தோழியை அழைத்துப் போனேன். அவர் அமெரிக்கர், பார்வை இல்லாதவர். இடது பக்கம் எப்போதும் அவருக்கு வழிகாட்டும் கறுப்பு லாப்ரடார் நாய். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "சார், நாயை உள்ளே விட்டா ஹெல்த் இன்ஸ்பெக்டர் கடையை இழுத்து மூடிடுவார்" என்றார் முதலாளி. அப்புறம், "சரி, நாய்க்கு அடையாள கார்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

தோழி சண்டை போடவில்லை. நாயின் உடலில் மாட்டியிருந்த பட்டையின் (ஹார்னஸ்) கைப்பிடியை விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். நாய் அவர் காலடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. காரில் ஏறியதும், "இந்த மாதம் இது மூன்றாவது கடை" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

1990-இல் வந்த ஏ.டி.ஏ. என்ற அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, உணவு விற்கும் இடத்திலும் சர்வீஸ் நாயை, அதாவது உடற்குறை உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாயை, விட்டே ஆக வேண்டும். உள்ளூர் சுகாதார விதி தடுத்தாலும் இதுதான் செல்லும். அலர்ஜி, நாய் பயம் என்றும் மறுக்க முடியாது. சந்தேகம் வந்தால் கடைக்காரர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடற்குறை காரணமாகத் தேவைப்படும் சர்வீஸ் நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது? அவ்வளவுதான். என்ன குறை என்று கேட்கக் கூடாது. செய்து காட்டச் சொல்லக் கூடாது. கார்டும் கேட்கக் கூடாது. அப்படிக் கட்டாயமான அரசுப் பதிவே கிடையாது! இணையத்தில் காசுக்கு விற்கும் சான்றிதழ்களுக்கு இந்தச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

வீட்டுச் செல்லநாய்க்கு ஒரு சட்டையை மாட்டி, சர்வீஸ் நாய் என்று சொல்லி உள்ளே கூட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு. அவர்கள் செய்வதற்கு என் தோழி வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் கார்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன். தன் நாயைத் தானே பழக்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அப்படிப் பழக்கியவர்கள் கார்டுக்கு எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பார்கள்? கட்டுக்கடங்காமல் குரைத்து, உரிமையாளரும் அடக்காமல் இருந்தால், இல்லை உள்ளேயே அசிங்கம் செய்தால், அந்த நாயை வெளியே கொண்டுபோகச் சொல்லும் உரிமை கடைக்காரருக்கு ஏற்கெனவே இருக்கிறது. நாய் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள், போதும்.

விமானக் கதை வேறு. 2021 முதல் விமான நிறுவனங்கள் சர்வீஸ் நாய்க்குப் படிவம் கேட்கலாம், மன ஆறுதலுக்கென்று மட்டும் வைத்திருக்கும் நாயைச் செல்லப்பிராணிக் கணக்கில் சேர்க்கலாம். கோயில், தேவாலயம் போன்ற மத அமைப்புகளை ஏ.டி.ஏ. கட்டுப்படுத்தாது. நம் கோயில் கமிட்டிகள் தாங்களாகவே கதவைத் திறந்தால் மனசு நிறையும்.

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு கேள்விகளையும் அச்செடுத்துக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி நின்றபடியே முழுசாகப் படித்தார். "யாரும் சொல்லலையே சார்" என்றார். கல்லாப் பக்கச் சுவரில் அவரே ஒட்டினார். "சாம்பார் கீழே சிந்தினா நக்காதா?" என்று கேட்டார். மேசைக்கு அடியில் படுத்துக்கொள்ளும், பழக்கியிருக்கிறார்கள் என்றேன். சனிக்கிழமை தோழியோடு போகிறேன்.