பிரஷர் மாத்திரையைக் கடைக்கே கொண்டு போனால்

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ஏன் இவ்வளவு பிரஷர் என்று கேட்டால், "பரம்பரை சார், அவங்க உடம்பு அப்படி" என்று முடித்துவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1990-களில் ரிச்சர்ட் கூப்பர் என்ற மருத்துவரின் குழு நைஜீரியா, ஜமைக்கா, சிகாகோவை ஒட்டிய மேவுட் என்று மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அளந்து பார்த்தது. நைஜீரியக் கிராமங்களில் பிரஷர் குறைவு, ஜமைக்காவில் நடுவாந்தரம், மேவுடில்தான் அதிகம். மூதாதையர் ஒரே பக்கத்துக்காரர்கள். வாழ்கிற இடம்தான் வேறு.

சரி, என்ன செய்யலாம்? 2018-இல் வெளிவந்த லாஸ் ஏஞ்சல்ஸ் சலூன் ஆய்வைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சீடர்ஸ்-சினாய் மருத்துவமனையின் ரொனால்ட் விக்டர் நடத்தியது. 52 சலூன்கள், பிரஷர் கட்டுக்குள் இல்லாத 319 கறுப்பின ஆண்கள். பாதிக் கடைகளில் முடிதிருத்துபவர் "உப்பைக் குறை, டாக்டரைப் பார்" என்று அக்கறையாகச் சொன்னார். மீதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே வந்து, அங்கேயே அளந்து, மாத்திரை எழுதிக்கொடுத்து, அளவையும் மாற்றினார். டாக்டர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்ததால் அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்தது.

ஆறு மாதத்தில் மேல் அளவு, சொல்லிப் பார்த்த கடைகளில் சராசரியாக 9 புள்ளி இறங்கியது; மருந்தாளுநர் வந்த கடைகளில் 27. 130/80-க்குக் கீழே வந்தவர்கள் அங்கே 12 சதவீதம்கூட இல்லை, இங்கே 64 சதவீதத்தை ஒட்டி.

இந்த ஆய்வைப் பாராட்டுகிறவர்கள் "நம்பிக்கைதான் மருந்து" என்று உருகுவதுதான் எனக்கு எரிச்சல். நம்பிக்கை முக்கியம்தான். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, ஆய்வு என்ற பெயரில், கறுப்பின ஆண்களின் சிஃபிலிஸ் நோயை அரசே வைத்தியம் பார்க்காமல் வேடிக்கை பார்த்த நாடு அது. ஆஸ்பத்திரியைவிட சலூன்காரரை நம்புவதில் என்ன ஆச்சரியம்? ஆனால் நம்பிக்கைக்குரிய அந்த மனிதர் இரண்டு வகைக் கடையிலும் இருந்தார். ஒரு பக்கம் அறிவுரையோடு நின்றது, இன்னொரு பக்கம் மாத்திரை கைக்கு வந்தது. விக்டரே இதற்கு முன் டல்லாஸில், சலூனில் அளந்து டாக்டரிடம் அனுப்பும் முறையைச் சோதித்திருந்தார். பலன் சுமார்தான்.

அப்புறம் ஏன் ஊரெங்கும் பரவவில்லை? என் பார்வையில் முதல் தடை காசு. பிரஷருக்குக் கொடுக்கிற அம்லோடிபின் ஒன்றும் விலை உயர்ந்த மருந்தில்லை. ஆனால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மருந்தாளுநரைத் தனியாகக் கட்டணம் பெறும் சிகிச்சையாளராக ஏற்பதில்லை. காரோட்டி வந்து சலூனில் உட்காரும் நேரத்துக்கு அவர் யாரிடம் பில் கொடுப்பார்? விழிப்புணர்வு மாதம், ரிப்பன், ஓட்டப்பந்தயம் எல்லாவற்றுக்கும் காசு கிடைக்கிறது. அதை இந்தச் சம்பளத்துக்குத் திருப்பிவிடச் சொல்லித்தான் அங்கே சண்டை போடவேண்டும்.