கோல்ஃபில் தொலைந்த பந்துக்கு ஒரு அடி (ஸ்ட்ரோக்) அபராதம் மட்டும் போதாது

"பந்து தொலைந்தால் 5 நிமிஷம் தேடுங்க, கிடைக்கலைன்னா அங்கேயே தோள் உயரத்தில் இருந்து இன்னொன்றைப் போட்டு ஒரு அடி அபராதத்தோடு ஆடலாம்" என்று கோல்ஃப் விதி பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றுமே தவறு.

2019 முதல் தேடும் நேரம் 3 நிமிடம்தான். பந்தை முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். தோள் உயரம் பழைய விதி. தொலைந்தாலோ, மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பத்துக்கு வெளியே போனாலோ, அடித்த இடத்துக்கே திரும்பி ஒரு அடி அபராதத்தோடு மறுபடி அடிக்க வேண்டும். டீயிலிருந்து (ஆட்டம் தொடங்கும் இடம்) அடித்த முதல் பந்து தொலைந்தால் அடுத்தது மூன்றாவது அடி. அடித்த இடத்துக்குத் திரும்பாமல் ஒரு அடி அபராதத்தோடு ஆடும் கணக்கு, சிவப்பு, மஞ்சள் கம்பங்களால் குறித்த நீர்நிலை போன்ற பகுதிகளுக்கு உரியது. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

பந்து போன இடத்தருகே போட்டு ஆட ஒரு வழி உண்டு. ஆனால் அந்த மைதானம் அதை உள்ளூர் விதியாக ஏற்றிருக்க வேண்டும், அபராதமும் 2 அடி. ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் முன்னே நடப்பதற்கு முன்பே 'ப்ரொவிஷனல்' (தற்காலிக) பந்து அடித்துவிடுங்கள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லியோ, அது தற்காலிகப் பந்துதான் என்று வேறு விதத்தில் தெளிவாகத் தெரிவித்தோ அடிக்க வேண்டும். "எதுக்கும் இன்னொன்று அடிக்கிறேன்" என்று முணுமுணுத்தால் செல்லாது. இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதலாவது பிறகு ஃபேர்வே (புல் வெட்டிய ஆடுபாதை) நடுவில் கிடைத்தாலும் பயனில்லை.

தேடும்போது பின்னால் ஒரு குழு காத்திருந்தால், கையசைத்து முன்னே விடுங்கள். 3 நிமிடம் முடியும்வரை அவர்களை நிற்க வைக்காதீர்கள்.